கழிக்கரை நோக்கிய பறவையறிஞர் சாலிம் அலி

உலகினர் போற்றும் பெரியோர் பல திறத்தினர். நாடு காத்தமையாற் புகழ் பெற்றோர் சிலர். நூல் செய்தமையாற் புகழ் பெற்றோர் சிலர். நோய் தீர்த்தும் பசி தீர்த்தும் புகழ் பெற்றோர் சிலர். பிறர் ஒரு பொருளாகக் கருதாது கடந்து செல்வதை நின்று நோக்கியமையாலேயே புகழ் பெற்றோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் தலைசிறந்தவர், இந்தியப் பறவைகளின் இயல்பை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்த சாலிம் அலி அவர்கள். அவர்தம் வரலாற்றை, சிறப்பாக நம் தமிழ்நாட்டுக் கழிமுகம் ஒன்றோடு அவர்க்கிருந்த தொடர்பை, ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கழிமுகம் அணித்தன்று. மலைக்கருகே உள்ள ஏரியொன்றிற்குச் சமுத்திரம் எனப் பெயரிட்டு மகிழ்ந்த ஊர் நம் ஊர். உண்மைச் சமுத்திரமோ கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் நம் நிலத்து நீர் ஈற்றில் அங்கேதான் சென்று சேர்கின்றது. சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை கடலூர்க்கு அருகிற் கடலொடு கலக்கின்றது. செய்யாறு பாலாற்றோடு கூடிக் கடலை அடைகின்றது. நம் நீர் கடற்கரைக்குச் செல்ல, கடற்கரைக்கு விருந்தாக வரும் பறவைகளின் சுற்றத்தவை நம் ஏரிகட்கும் வருகின்றன. கார்த்திகைத் தீபத்திற்கு மக்கள் திரளும் நாட்களில், நம் மாவட்டத்து ஏரிகளின் சேற்றோரத்தில் உள்ளான்கள் வாலை அசைத்தவாறு இரை தேடுவதைக் காணலாம். திருவிழாவிற்கு வந்தோரை எவ்வூரினர் என வினவும் நாம், இச்சிறு விருந்தினர் எங்கிருந்து வந்தனர் என வினவுவதில்லை. அவ்வினாவை வாழ்நாள் முழுதும் விடாது வினவியவரே சாலிம் அலி.

சிட்டும் சிறுவரும்

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில், இசுலாமியக் குடும்பமொன்றில் ஒன்பதாவது மகவாய், கடைக்குட்டியாய்ப் பிறந்தார். ஓராண்டு நிரம்பிய அளவில் தந்தையாரை இழந்தார். மூன்றாண்டு நிரம்பிய அளவில் தாயாரையும் இழந்தார். பெற்றோரை இழந்த அக்குழந்தைகளைத் தாய்மாமனாகிய அமிருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் துணைவியாரும் தம் மக்களெனப் பேணி வளர்த்தனர். சிறுவர் முதலிற் பயின்றது கிறித்துவ மிஷன் பள்ளியொன்றில். பின்னர்ப் பயின்றது புனித சவேரியார் பள்ளியில்.

மாமனார் வேட்டையில் வல்லவர். மருகருக்குச் சிறு காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துதல் அவர்க்கு விளையாட்டாயிற்று. குதிரை லாயத்துச் சுவரில் ஒரு சிட்டு கூடு கட்டியிருந்தது. கூட்டின் வாயிலிற் காவலிருந்த ஆண்சிட்டை அவர் சுட்டார். சிறிது நேரத்தில் பெண்சிட்டு வேறோர் ஆணைத் துணையாக்கிக்கொண்டது. அதனையும் சுட்டார், பிறிதொன்று வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண்சிட்டுகள் இவ்வாறு மடிந்தன. இது கொடுமையே, ஐயமில்லை. ஆயின் அச்சிறுவர் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார் என்பது நாம் கருதற்குரியது. துப்பாக்கி ஏந்திய கையே எழுதுகோலையும் ஏந்திற்று. அவ்விரண்டனுள் எது வெல்லும் என்பதே பின்னர் அவர் வாழ்வின் கதையாயிற்று.

ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறப் பொட்டொன்று காணப்பட்டது. தம் சமய ஒழுக்கப்படி அதனை உண்ணலாமோ ஆகாதோ என்னும் ஐயம் பிறக்க, அவர் அதனை மாமனாரிடம் கொண்டு சென்றார். மாமனாரும் அஃது யாது என அறியாராய், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராகிய மில்லார்டு துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சங்கம் அக்காலத்தே பெரும்பாலும் ஆங்கிலேயர் கூடும் இடமாக இருந்தது. இந்தியச் சிறுவர் ஒருவர் இறந்த குருவி ஒன்றைக் கையிலேந்தி, அஞ்சி நடுங்கி அதன் வாயிலில் நின்றார்.

மில்லார்டு அச்சிறுவரை எள்ளி நகையாடவில்லை, விரட்டவுமில்லை. அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பதப்படுத்திய பறவைகளைக் காட்டி, இவர் கொணர்ந்தது மஞ்சள் தொண்டைச் சிட்டு என விளக்கினார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையையும் அங்கே கற்பித்தற்கு ஏற்பாடு செய்தார். நூற்றுக்கணக்கான பறவைகள் பெயரொடும் ஊரொடும் நாளொடும் வரிசையாக வைக்கப்பட்டிருந்த காட்சி அச்சிறுவரின் உள்ளத்திற் பதிந்தது. குருவி என ஒரு சொல்லால் நாம் முடித்துவிடும் உயிர்களுள் இத்துணை வேறுபாடு உண்டோ என்னும் வியப்பே அவர்க்கு முதல் ஆசிரியராயிற்று.

கல்வியும் தொழிலும்

சாலிம் அலி பள்ளியிற் சிறந்து விளங்கியவரல்லர். தலைநோயாற் படிப்புத் தடைப்பட்டது. 1913-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் அரிதின் முயன்று தேறினார். கல்லூரிக் கணக்குப் பாடம் அவரை வாட்டியது. 1914-ஆம் ஆண்டில் இன்று மியான்மர் எனப்படும் பர்மா நாட்டிற்குச் சென்று, தவாய் என்னும் ஊரில் குடும்பத்தார் நடத்திய சுரங்க வாணிகத்திலும் மரவாணிகத்திலும் துணைபுரிந்தார். அங்கே வாணிகத்தினும் காடே அவர் நெஞ்சைக் கவர்ந்தது என்பதைக் கூறவும் வேண்டுமோ!

1917-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு மீண்டு, வாணிகக் கல்லூரியொன்றிற் சேர்ந்து கணக்கும் சட்டமும் பயிலத் தொடங்கினார். அவ்வேளையிற் புனித சவேரியார் கல்லூரியில் விளங்கிய இயேசு சபைத் துறவியும் தாவரநூல் வல்லுநருமாகிய பிளாட்டர் அடிகளார் இவ்விளைஞரின் உண்மை நாட்டம் யாது என்பதைக் கண்டுகொண்டார். விலங்கியல் பயிலுமாறு தூண்டினார். காலையில் வாணிகக் கல்லூரி, பின்னர் விலங்கியல் வகுப்பு என இரண்டையும் ஏற்றுப் பயின்றார் சாலிம் அலி. மாணவன் எதிற் சேர்ந்துள்ளான் என்று காண்பதோடு அமையாது, எதற்கு உரியன் என்றும் காண்பவரே நல்லாசிரியர். 1918-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தெமினா என்னும் நங்கையாரை மணந்தார். இலக்கியப் பயிற்சியும் இனிய உள்ளமும் வாய்ந்த அவ்வம்மையார் கணவரின் பணிக்குப் பெருந்துணையாயினர்.

பர்மா வாணிகம் நிலைபெறவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவையியல் பதவி ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அஃது இவர்க்குக் கிட்டவில்லை. 1926-ஆம் ஆண்டில் பம்பாயில் உள்ள வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். அப்பணி செய்யுங்கால் தம் அறிவின் குறையைத் தாமே உணர்ந்து, விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். ஹெலிகோலாந்து என்னும் தீவில், வலசை செல்லும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் முறையையும் அங்கே கண்டார். அக்காட்சி பல்லாண்டுகட்குப் பின் நம் தமிழ்நாட்டுக் கரையிற் பயன் தந்தது.

தூக்கணாங்குருவி தந்த பாடம்

1930-ஆம் ஆண்டில் அவர் நாடு திரும்பியபோது அவர் வகித்த பதவியே பணமின்மையால் நீக்கப்பட்டிருந்தது. கற்றுத் தேர்ந்து வந்தவர்க்கு வேலையில்லை. நம்மனோராயின் மனம் உடைந்திருப்போம். அவரோ மனைவியாரோடு பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிகீம் என்னும் சிற்றூரிற் குடியேறினார். மனைக்கருகே மரமொன்றில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டலாயின. வேலையற்ற அம்மழைக்காலத்தே அவர் அம்மரத்தைப் பல திங்கள் இடையறாது நோக்கினார்.

அதுவரை அறிஞரும் அறியாத செய்தி ஒன்று அவர்க்குப் புலனாயிற்று. ஆண்பறவையே கூட்டைப் பின்னுகின்றது. ஆயின் பாதியளவிற் பின்னி நிறுத்திவிடுகின்றது. பெண்பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து ஒவ்வொரு கூட்டையும் ஆராய்கின்றன. ஒன்று பிடித்திருப்பின் பெண் அதிற் குடியேறுகின்றது. அதன்பின் ஆண் அக்கூட்டை முடித்துக்கொடுத்து, அடுத்த கூட்டைத் தொடங்குகின்றது. எவர் வீட்டுப் பனையிலும் ஈச்சமரத்திலும் காணப்படும் இக்காட்சியை ஆயிரம் ஆண்டுகளாக எத்துணையோ பேர் பார்த்திருப்பர். பார்த்தல் வேறு, நோக்கல் வேறு என்பதை இஃது உணர்த்துகின்றது. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சியே சாலிம் அலியைப் பறவையறிஞராக உலகிற்கு அறிமுகஞ் செய்தது.

நாடெங்கும் நடந்த கால்கள்

பதவி இல்லை, எனினும் பணி உண்டு எனத் துணிந்தார் அவர். அக்காலத்தே நாட்டின் பல பகுதிகள் சுதேச அரசர் ஆட்சியில் இருந்தன. அவ்வரசுகளின் பறவைகளை ஆராய்ந்து தருவதாகவும், பயணச் செலவும் பாசறைச் செலவும் தந்தாற் போதும், ஊதியம் வேண்டா எனவும் அறிவித்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் முதலிய அரசுகள் இசைந்தன. 1931-ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் காடும் மலையும் சதுப்பும் பாலையும் கடந்து நடந்தார். தெமினா அம்மையார் அப்பாசறைகளில் உடனிருந்து இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். 1939-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் சிறு அறுவை மருத்துவத்திற்குப் பின் மறைந்தமை அவர்க்குத் தாங்கொணாத் துயராயிற்று. அதன்பின் அவர் மறுமணம் நாடாது, தம் சகோதரியார் இல்லத்தில் தங்கிப் பறவைப் பணிக்கே தம்மை ஈந்தார்.

1941-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு எளிய நடையில் அமைந்த அந்நூலால், பறவையியல் வெள்ளைத் துரைமாரின் பொழுதுபோக்கு என்னும் நிலை மாறி, பள்ளிச் சிறுவர்க்கும் உரிய கல்வியாயிற்று. 1945-ஆம் ஆண்டில் கட்சுப் பெரும்பாலையின் உப்புச் சேற்றில் இலட்சக்கணக்கான பூநாரைகள் கூடு கட்டி வாழும் இடத்தை ஆராய்ந்து எழுதினார். 1950-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் நிகழ்ந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிச் சென்றார். அப்போது அவர்க்கு அகவை ஐம்பத்து மூன்று. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு கூடி அவர் இயற்றிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

ஒன்று கூறவேண்டும். சாலிம் அலி இறுதிவரை துப்பாக்கியை முற்றும் துறந்தவரல்லர். ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவிடத்துப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார், அதனை மறைக்கவுமில்லை. ஆயின் கொல்லாமலே அறியத்தக்கவை கொன்று அறிவனவற்றினும் மிகப் பல என்பதைத் தூக்கணாங்குருவி அவர்க்குக் கற்பித்திருந்தது. அப்பாடத்தின் விளைவை நாம் காணும் இடம் கோடியக்கரை.

கோடியக்கரைக் கழி

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரணியத்திற்குத் தெற்கே, வங்கக் கடற்கரை தெற்கு நோக்கி ஓடிவந்து சட்டென மேற்கே திரும்பும் மூலையில் உள்ளது கோடியக்கரை. ஒருபுறம் வெளிமான் திரியும் காடு, ஒருபுறம் கடல், இடையே பரந்த சேற்று நிலமும் உப்பங்கழியும். அதன் மேற்கே காவிரியின் கிளைகளாகிய பாமனியாறு, கோரையாறு முதலியன முத்துப்பேட்டைக் காயலில் வந்து விழுகின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அவ்விடமெங்கும் மென்சேறு படிந்து கிடக்கின்றது. 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்த வேதாரணியம் இதற்கு அண்மையது ஆதலின், உப்பால் இப்பகுதியை அறிந்தோர் பலர். பறவையால் அறிந்தோர் அந்நாளில் அரியர்.

நெல் விளையாது, மரம் வளராது, நடந்தாற் கால் புதையும். ஆகவே சேற்று நிலத்தை வீண்நிலம் என்பர் மக்கள். ஆனால் அச்சேற்றினுள் புழுவும் நத்தையும் சிறு நண்டும் எண்ணிறந்தன வாழ்கின்றன. அவற்றை உண்ண வரும் கரைப்பறவைகளின் அமைப்பை நோக்குமின். உப்புக்கொத்திக்குக் குறுகிய அலகும் பெரிய கண்ணும் உள. அது ஓடி ஓடி நின்று, மேற்பரப்பிற் கண்ட இரையைக் கொத்துகின்றது. கொசு உள்ளானின் அலகு சிறிதே நீண்டது. அது சேற்றின் மேற்பகுதியைத் துழாவுகின்றது. பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் அளவு நீரில் இறங்குகின்றன. கோட்டானின் நெடிய வளைந்த அலகோ ஆழத்திற் புதைந்த புழுவையும் எட்டுகின்றது. நெடுங்கால் உள்ளான் பிற பறவைகள் நிற்கலாகாத நீரில் நிற்கின்றது. ஒரே சேறு, ஒரே நேரம். எனினும் பூசலின்றிப் பலர்க்கும் உணவு. அலகின் நீளத்தாலும் காலின் உயரத்தாலும் பகுக்கப்பட்ட பந்தி அது.

நம் முன்னோர் இக்காட்சியை அறியாதவரல்லர். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கச் சான்றோர் கழியையும் குருகையும் நாரையையும் கூர்ந்து கண்டனர். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவர் மதுரையில் வறுமையால் வாடிய ஞான்று, தென்றிசைக் குமரியில் ஆடி வடதிசைக்கு மீளும் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார் என அறிவோம். பறவைகள் ஆண்டுதோறும் தெற்கே வந்து வடக்கே மீள்கின்றன என்பது அப்புலவர்க்குத் தெரியும். வடக்கே எதுவரை என்பதுதான் தெரியாது. அவ்வினாவிற்கு விடை காணவே சாலிம் அலியும் அவர்தம் சங்கத்தாரும் கோடியக்கரைக்கு வந்தனர்.

1960-களில் இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்து பலர்க்கும் எடுத்துரைத்தோருள் சாலிம் அலி முதன்மையானவர். 1967-ஆம் ஆண்டில் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே பறவைகட்கு வளையமிடும் நிலையம் அமைத்துப் பல்லாண்டு பணியாற்றியது.

காலில் இட்ட வளையம்

இவ்வளையப் பணி தொடங்கியதற்கு ஒரு காரணம் நோய். 1957-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுக் கியாசனூர்க் காட்டிற் புதியதொரு காய்ச்சல் தோன்றி, குரங்குகளையும் மக்களையும் மாய்த்தது. அஃது உண்ணிகளாற் பரவுவது. ரஷ்ய நாட்டுக் காய்ச்சல் ஒன்றை ஒத்தது. வடக்கேயிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்னும் ஐயம் எழ, 1959-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வலசைப் பறவை ஆராய்ச்சி தொடங்கிற்று. அதற்குத் தலைமை தாங்கினார் சாலிம் அலி.

பறவையைக் காயமின்றிப் பிடிப்பது எளிதன்று. அக்கலையில் வல்லார் கல்லூரியில் இல்லை. பீகார் நாட்டு மீர்ஷிகார் எனப்படும் பரம்பரை வேடரிடம் இருந்தது அக்கலை. பறவை பிடித்து விற்று வாழ்ந்த அவ்வேடரைச் சங்கத்தார் அழைத்துவந்து ஆராய்ச்சியிற் சேர்த்தனர். கண்ணியாலும் வலையாலும் அவர்கள் பறவையைப் பிடிப்பர். ஆராய்ச்சியாளர் அதன் சிறகையும் அலகையும் அளந்து, நிறுத்து, காலில் மெல்லிய அலுமினிய வளையமொன்றைப் பூட்டிப் பறக்க விடுவர். வளையத்தில் ஓர் எண்ணும், கண்டெடுத்தோர் பம்பாய்ச் சங்கத்திற்கு அறிவிக்கவேண்டும் என்னும் குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயிரம் வளையமிட்டால் மறுமொழி கிடைப்பது மிகச் சிலவற்றிற்கே. பொறுமை இல்லார்க்கு இப்பணி ஆகாது.

பொறுத்தார்க்கு விடை கிடைத்தது. கோடியக்கரையில் வளையமிட்ட பறவைகள் சில பின்னர் ரஷ்ய நாட்டிற் கிடைத்தன. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானும், அதனிற் சற்றே பெரிய வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில், பனி உருகும் குறுங்கோடையிற் குஞ்சு பொரித்து, ஆகஸ்டு செப்டம்பரில் நம் கரையை அடைகின்றன. குளிர்காலம் முழுதும் இச்சேற்றில் மேய்ந்து, புறப்படுமுன் உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. ஏப்ரல் மாதத்தில் வளைமூக்கு உள்ளானின் சாம்பல் நிற மார்பு செங்கல் நிறமாக மாறுகின்றது. பயணத்திற்கு உடுத்த ஆடைபோலும்! சென்ற பறவைகளிற் பல மறு ஆண்டும் அதே கரைக்கு மீள்வதை வளையத்தின் எண்ணே காட்டிற்று. 1980-களில், உலகில் மிக அரிதாகிய கரண்டிமூக்கு உள்ளானும் இங்கே காணப்பட்டது.

இதனால் விளங்குவது யாது? சைபீரியப் பனிவெளியைக் காத்தாலும், கோடியக்கரைச் சேறு அழியுமாயின் அப்பறவை அழியும். பயணத்தின் ஒரு சத்திரம் இடிந்தாலும் வழிப்போக்கர் வீடு சேரார். வீண்நிலம் என நாம் தள்ளிய ஒன்று உலகின் மறுகோடியோடு உயிர்த்தொடர்பு உடையது என்பதை அளந்தும் எண்ணியும் நிறுவியதே அப்பணியின் பயன்.

இப்பணிக்கும் இடர் வந்தது. பொருளுதவி பின்னர் அமெரிக்கப் படைத்துறையைச் சார்ந்த ஆராய்ச்சித் திட்டம் ஒன்றிலிருந்தும் கிடைத்தமையால், பறவைகள் வாயிலாக நோய்க்கிருமியைப் பரப்பும் சூழ்ச்சியோ இஃது என 1970-களிற் செய்தித்தாள்களிலும் மன்றங்களிலும் ஐயம் எழுப்பப்பட்டது. நாட்டிற்காக உழைத்த முதியவர்க்கு இது பெருவருத்தம் தந்தது. ஆயினும் அவர் பறவைப் பணியை விட்டாரல்லர். எண்பது அகவை கடந்தும் தொலைநோக்கியோடு களத்திற்குச் சென்றார்.

இராஜஸ்தானத்துப் பரத்பூரிலும் அவர் பணி இத்தகையதே. 1938-ஆம் ஆண்டில் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகள் வேட்டையிற் சுட்டு வீழ்த்தப்பட்டன. அத்தகைய இடம் வளையமிடும் களமாகவும், பின்னர்த் தேசியப் பூங்காவாகவும் மாறியதில் சாலிம் அலியின் முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 1985-ஆம் ஆண்டில் அஃது உலகப் பாரம்பரிய இடமாக ஏற்கப்பட்டது.

சிறப்பும் மறைவும்

பட்டமின்மையாற் பதவி மறுக்கப்பட்டவர்க்கு அலிகார், டில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் தாமே முன்வந்து டாக்டர் பட்டம் நல்கின. 1958-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் 1976-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் அவர்க்கு வழங்கப்பட்டன. உலக அளவிற் பெற்ற கெட்டி பரிசின் 50,000 டாலரிற் பெரும்பகுதியை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைக் காப்பு நிதிக்கே ஈந்தார். 1985-ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு, ஒரு சிட்டின் வீழ்ச்சி எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் எடுத்தாண்ட அச்சொற்றொடர், தந்தையின் சித்தமின்றிச் சிட்டொன்றும் நிலத்தில் விழாது என்னும் சுவிசேஷக் கருத்தினின்று பிறந்தது என்பதை நம் கல்லூரி மாணவர் அறிவர். தாம் வீழ்த்திய சிட்டை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாத ஒருவர்க்கு அதனினும் பொருத்தமான தலைப்பு வாயாது.

1987-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20-ஆம் நாள், தொண்ணூறு அகவை நிரம்பிய சாலிம் அலி பம்பாயில் மறைந்தார். 1990-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் அவர் பெயரால் பறவையியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் கோடியக்கரை, அனைத்துலக ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் அச்சிறப்பை முதலிற் பெற்ற இடம் அதுவே. ஆயினும் மகிழ்ச்சியோடு முடித்துவிடுதற்கில்லை. நன்னீர் வரத்துக் குறைந்தமையாலும் உப்பளங்கள் பெருகியமையாலும் அங்கே வரும் கரைப்பறவைகள் முன்னாளினும் பெரிதும் குறைந்துவிட்டன என ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். குறைந்தது என்று இன்று நாம் கூற முடிவதும், அன்று ஒருவர் எண்ணிவைத்தமையாலன்றோ? எண்ணப்படாத செல்வம் களவு போனாலும் உடையவன் அறியான்.

நண்பர்காள்! சாலிம் அலியின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி அரியதன்று. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பட்டமும் முதற்கண் வேண்டா. நாளும் காணும் ஒன்றை அசையாது நின்று நோக்குதல், கண்டதைக் கண்டவாறு எழுதுதல், அறியாததை அறிந்தாரிடம் நாணாது வினவுதல் ஆகிய இம்மூன்றும் போதும். கடலூர்க் கழிக்குச் செல்ல வாய்ப்பில்லாதார்க்கு நம் ஏரிக்கரை உண்டு. மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் மார்கழி, தைத் திங்களிற் காலைப்பொழுதில் அங்கே சென்று ஒரு நாழிகை அமர்ந்திருமின். எத்தனை உள்ளான், எத்தனை உப்புக்கொத்தி என எண்ணி, நாளும் இடமும் குறித்துவைமின். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்ம்மின். வந்தவை மீண்டும் வந்தனவோ, குறைந்தனவோ என்பதை நம் ஊரில் அறிந்து கூற ஒருவரேனும் உளராயின், அந்நீர்நிலை வீண்நிலம் எனப் பெயர் பெற்று அழியும் நாளில் அதற்காக வாய்திறக்கவும் ஒருவர் உளராவர்.